விமானத்தில் பவர் பேங்க்: பையில் போடும் முன் பார்க்க வேண்டியவை

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. பவர் பேங்கில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதற்குள் இருக்கும் ஒரு செல் சூடேறிப் பற்றினால் பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். சரக்கு அறையில் தீயை அணைக்க இருக்கும் ஹாலான் வாயு சுடரை அடக்குமே தவிர, செல்லின் உள்சூட்டைத் தணிக்காது. கேபினில் என்றால் பணியாளர்கள் உடனே பார்த்து, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம். இடமில்லை என்று போர்டிங் கேட்டில் உங்கள் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பினாலும், பவர் பேங்கை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

விதி வாட்-அவரில் (Wh, பேட்டரி தேக்கும் மின் ஆற்றலின் அளவு) இருக்கிறது, பவர் பேங்கை வாங்கும்போது சொல்லும் எம்ஏஎச்சில் (mAh) அல்ல. எம்ஏஎச்சை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-அவர், 20,000 என்றால் 74, 30,000 என்றால் 111. யுஎஸ்பி 5 வோல்ட்தானே என்று 5ஆல் பெருக்கிவிட்டால் 20,000மே அனுமதியில்லாமல் கொண்டுபோகும் வரம்பான 100ஐத் தொட்டுவிடும், வீண் பயம். உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட்டேஜான 3.7தான் கணக்கு.

100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 100க்கு மேல் 160 வரை ஏர்லைனிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160ஐத் தாண்டினால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இது பொது வரம்பு. ஏர்லைன்கள் இதைவிடக் கடுமையாகவும் வைக்கலாம். எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றுதான் என்கிறது, அதுவும் 100க்குள். இரண்டு விமானம் மாறிப் போகிறீர்கள் என்றால் கடுமையான விதியையே பின்பற்றுங்கள்.

லேபிள் தேய்ந்து எண் தெரியாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் பறிமுதல் ஆகலாம். மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காதீர்கள். உப்பிய பவர் பேங்கை எடுத்தே போகாதீர்கள். யுஎஸ்பி துளைகளில் சாவியோ சில்லறையோ உரசாதபடி தனி உறையில் போடுங்கள்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தது. தீ தொடங்கியது தலைக்கு மேலுள்ள லக்கேஜ் பெட்டியில். அதன்பின் அந்நாடு பவர் பேங்கை அங்கே வைக்கத் தடை போட்டது. எந்த ஏர்லைன் ஆனாலும் இருக்கைப் பையிலோ காலடியிலோ வைப்பதே நல்லது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போகிறவர்கள் போனை வீட்டிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல் பவர் பேங்கால் போனைச் சார்ஜ் செய்வதும், இருக்கை யுஎஸ்பியில் பவர் பேங்கைச் செருகுவதும் அங்கே தடை.

பறக்கும்போது பவர் பேங்க் கை பொறுக்காத அளவு சுட்டாலோ புகைந்தாலோ உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள். இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டை அசைக்காதீர்கள், நசுங்கினாலே பற்றிக்கொள்ளலாம்.