பழைய போன் வியாபாரம்: புதுசாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய போன் வாங்கி விற்கிற பொடியன்கள் இப்போது நிறைய. சின்னக் கடை, ஒரு கண்ணாடி அலுமாரி, ஒரு வாட்ஸ்அப் குழு, தொழில் தொடங்கியாச்சு. நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகள்தான் திரும்ப நடக்கின்றன. கீறல் இருக்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைப் பார்க்கத் தெரியாதவர் இந்தப் பக்கமே வரமாட்டார்.

எக்ஸ்சேஞ்ச் தொகையைச் சந்தை விலையாக எடுப்பது

எத்தனை தரம் சொன்னாலும் இது ஏறுவதில்லை. ஒரு தம்பி வந்து கேட்டார்: "அண்ணை, ஷோரூமில இந்தப் பழைய போனைக் குடுத்துப் புதுசு எடுத்தா, எக்ஸ்சேஞ்ச் எண்டு இதுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கழிக்கிறாங்கள். நான் ஒரு லட்சத்துக்கு வாங்கினா லாபம்தானே?" இல்லை என்றேன். கேட்கவில்லை, வாங்கிவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். அங்கே புதுப் போனில் ஒட்டியிருந்த விலை 300,000. பழையதைக் கொடுத்தால் 190,000 கட்டினால் போதும். சரி, பழையது எதுவும் இல்லாமல் கைக்காசோடு போனால்? கொஞ்சம் பேரம் பேசினால் 260,000க்கே தருவார்கள். அப்படியென்றால் பழைய போனுக்கு அவர்கள் உண்மையில் போட்ட விலை 70,000. மீதி 40,000 புதுப் போனின் கழிவு, அதாவது தள்ளுபடி. தம்பி அந்தக் கழிவையும் சேர்த்துத் தன் பொக்கற்றிலிருந்து கொடுத்திருக்கிறார். சந்தையில் 85,000க்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. செப்டெம்பரில் புது ஐபோன் வந்ததும் அதுவும் இறங்கியது.

கழிவை ஏன் நேரே கொடுப்பதில்லை? புதுப் போனின் விலையை வெளிப்படையாகக் குறைத்தால் பழையதின் விலையும் கூடவே சரியும். "பிறகு விற்றாலும் நல்ல காசு வரும்" என்று நம்பித்தான் பலர் அவ்வளவு விலை கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை போனால் அடுத்த மொடலை அதே விலைக்கு விற்க முடியாது. ஆகவே ஒட்டிய விலையைத் தொடாமல், பழைய போனின் பெயரில் கழிவு கொடுக்கிறார்கள். அந்தத் தொகையைப் பார்த்து நாங்கள் காசை எண்ணிக் கொடுத்தால் எப்படி?

ரசீதில் உள்ள விலையைப் பார்த்து விற்பது

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. புதுப் போன் ஏற ஏறப் பழையதும் ஏறியது. அலுமாரியில் கிடந்ததை வாங்கிய விலைக்குமேல் கொஞ்சம் வைத்து விற்றவர்கள், அந்தக் காசில் அதே போனைத் திரும்ப வாங்க முடியாமல் நின்றார்கள். வாகனத்திலும் இதுதான் நடந்தது: 2020இல் இறக்குமதி நின்றபின், ஓடித் தேய்ந்த ஜப்பான் கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடப் போயின.

ரேம் பார்த்து விலை போடுவது

கொம்பனி மென்பொருள் அப்டேட் எத்தனை வருடம் தரும் என்று பாருங்கள். பிக்சல் 8, சாம்சுங் எஸ்24 இரண்டுக்கும் 7 வருடம் என்று அறிவித்தார்கள். மூன்றாம் கைக்குப் போகும் போனுக்கு அதுதான் உயிர். அப்டேட் நின்ற போனில் ரேம் எவ்வளவு இருந்தாலும், வங்கி ஆப் வேலை செய்யவில்லை என்று ஒருநாள் திரும்பி வரும்.

மாற்றின உதிரிப்பாகம்

ஐபோன் 12இலிருந்து, செட்டிங்ஸில் அபவுட் பக்கத்துக்குப் போனால் பற்றரி, டிஸ்பிளே, கமரா மாற்றியிருந்தால் காட்டிக்கொடுக்கும். கொம்பனிப் பாகம் இல்லையென்றால் வாங்க வருகிறவர் அதைக் காட்டியே விலையை இறக்குவார். நீங்கள் முதலில் இறக்குங்கள்.

ஐகிளவுட்

ஐபோன் முந்தைய ஆளின் ஐகிளவுட் கணக்கோடு பூட்டியிருக்கும். அவர் உங்கள் கண்முன்னே அந்தக் கணக்கிலிருந்து வெளியேறும்வரை காசு கொடுக்காதீர்கள்.

கனடாவிலிருந்து மாமா அனுப்பின போன்

எங்கள் சிம் போட்டுப் பாருங்கள், அந்த நாட்டு சிம்மில் மட்டும் வேலை செய்யும்படி லொக் இருக்கலாம். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் பண்ணி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவில்லாத போனுக்கு "பெட்டி உடைக்காதது" என்று கூடக் காசு கேட்டால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.