கிராமத்துக்காகப் பொது சுகாதாரம் படிக்கிறீர்களா? உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது இப்படித்தான்

படித்து முடித்து நம் ஊர்ப்பக்கமே வேலை பார்க்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறைய இருக்கிறார்கள். பணத்துக்காக அவர்கள் படிப்பு நிற்கக் கூடாது. முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: சான்றிதழ்கள்

சாதி, வருமானம், இருப்பிடம் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் மனு போடுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அந்தச் சான்றையும் வாங்கிவிடுங்கள். மனு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போக நாளாகும். அதனால் கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: வங்கிக் கணக்கு

அரசு உதவித்தொகை ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். இரண்டு கணக்கு இருந்தால் எது இணைந்திருக்கிறது என்று மைஆதார் இணையதளத்தில் பாருங்கள். அப்புறம் பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடும் ஆதாரில் அப்பா பெயரோடும் இருந்தால் விண்ணப்பம் சிக்கலாம். முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்தத் திட்டம்?

பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் தனித் திட்டங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து இளநிலை அல்லது பட்டயப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பெண்களுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன். எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் பட்டம்) போன்ற முதுநிலைக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அதற்குச் சேரும் நிறுவனத்தின் சேர்க்கை அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள்.

நான்காம் படி: கடிதம்

உதவித்தொகை தரும் அறக்கட்டளைகள் பெரும்பாலும், ஏன் இதைப் படிக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் கேட்கும். அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும் என்பேன். "கிராம மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் உங்கள் ஊரை எழுதுங்கள்.

நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை, முற்றினால் எலும்பு பாதிப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். உங்கள் தெருவுக்கு அந்தத் தண்ணீர் தினமும் வருகிறதா? வராத நாளில் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறார்களா? சித்தேரி மலையில் இருப்பவர் என்றால், பிரசவ வலி வந்த பெண்ணை இரவில் எப்படிக் கீழே கொண்டுவருகிறார்கள்? வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. உங்கள் பாட்டிக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறதா?

கிராம சுகாதார செவிலியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்குத் தெரியாத வீடு இருக்காது. கேட்டதில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, படித்த பிறகு அதில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்திலும் அதே அக்கறை தெரிய வேண்டும். அதனால் உங்கள் கடிதத்தை முதலில் அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: ஒப்பந்தம்

படிப்பு முடிந்து கிராமத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று சில இடங்களில் எழுதி வாங்குவார்கள். எத்தனை வருடம், எந்த ஊர், சம்பளம் எவ்வளவு, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு, வீட்டில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிடைத்துவிட்டதா? சரி, அடுத்த வருடமும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீது, விண்ணப்ப எண் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள்.