பிரைமர் குழியில் இறங்க மறுக்கும்போது

அமெரிக்காவில், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே மீண்டும் நிரப்பித் தோட்டாவாக்கும் ரீலோடிங் பழக்கம் உள்ளவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் பிரைமரைப் பொருத்தும் கட்டம்தான். பிரைமர் என்பது அடிபட்டவுடன் வெடிக்கும் கலவையைத் தாங்கிய சிறு உலோகக் கிண்ணம்; கூட்டின் அடியிலுள்ள குழியில் அது அமரும். ஆகவே அது இறங்க மறுக்கும்போது பொருத்தும் கருவியின் நெம்புகோலை மேலும் பலமாக அழுத்துவது தீர்வாகாது; அழுத்துவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியைத் தொடக்கத்திலேயே அணிந்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

முதலில் சந்தேகிக்க வேண்டியது ராணுவக் கூடுகளை. 5.56, 7.62 நேட்டோ தோட்டாக்களில், சுடும்போது பிரைமர் கழன்று துப்பாக்கிக்குள் விழாதபடி, குழியின் விளிம்பை உட்புறமாக நசுக்கி இறுக்கியிருப்பார்கள். பழைய பிரைமரை வெளியே தள்ளிய பிறகும் அந்த நசுங்கல் அப்படியே நிற்பதால், புதிய பிரைமர் அதில் சிக்கிக் கோணலாக உட்காரும். கூட்டின் அடிப்பகுதியை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், குழியைச் சுற்றி ஒரு வளையமோ சில குத்துத் தடங்களோ தெரியும். ஸ்வேஜ் கருவியால் விளிம்பை விரித்தோ, ரீமரால் மெல்லச் சீவியோ அதை நீக்கலாம். நான் ஸ்வேஜையே பரிந்துரைப்பேன். ரீமரில் கை சற்று மிஞ்சினாலும் குழி தளர்ந்துவிடும், தளர்ந்த குழியுள்ள கூட்டைக் கழித்துவிட வேண்டியதுதான்.

அளவு மாறிப்போவதும் உண்டு. கைத்துப்பாக்கிக்கான .45 ஏசிபி கூடுகள் நெடுங்காலமாக 0.210 அங்குல விட்டமுள்ள பெரிய பிரைமரையே ஏற்றுவந்தன, இப்போது 0.175 அங்குலச் சிறிய பிரைமருக்கான கூடுகளும் அவற்றோடு கலந்து வருவதால், பொறுக்கிச் சேர்த்த கூடுகளை முன்கூட்டியே பிரித்துவைப்பது நல்லது.

எளிதாக இறங்கிய பிரைமரும் சரியாக அமர்ந்துவிட்டது என்று பொருளல்ல. அது கூட்டின் அடிமட்டத்திலிருந்து பொதுவாக 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினால் மேடு தட்டுப்படக் கூடாது. கூட்டைக் கண்ணாடிப் பலகையில் நிறுத்தினால் ஆடக் கூடாது. மேடாக நின்றால், முதல் அடியின் விசை பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோய்த் தோட்டா வெடிக்காமல் போகலாம். எம்1 கேரண்ட் ரைஃபிள் போல, பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் தளர்வாக ஓடும் துப்பாக்கிகளிலோ, தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் மூடும் வேகத்திலேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. குழியின் அடியில் படிந்த கரியும் இதற்குக் காரணமாகலாம்; சுரண்டி எடுத்தால் போதும். உயரம் கூடிய பெரிய ரைஃபிள் பிரைமரைக் கைத்துப்பாக்கிக் கூட்டில் பொருத்தியிருந்தாலும் இப்படித்தான் துருத்தி நிற்கும்.

வெடிமருந்தும் குண்டும் ஏற்றி முடித்த பிறகு பிரைமர் மேடாக இருப்பது தெரியவந்தால், அதை மேலும் உள்ளே அழுத்தவே கூடாது. குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, அந்தக் கூட்டை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.