மலையகத்திலிருந்து பாங்கொக்: வயதான அம்மாவோடு போகிறவர்களுக்கு

பாங்கொக் பயணத்தை எங்கள் பக்கத்து ஆட்கள் வெயிலை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். நான் ஹட்டனில் இருக்கிறேன். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவரையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போனபோது கோயில், அரண்மனை, ஆறு எல்லாம் அவர்களுக்குப் பிடித்துப்போனது. வாட்டியது சூடு மட்டும்தான். வருஷம் முழுக்கக் குளிரில் வாழ்ந்த உடம்பு அது.

அதனால் நவம்பர் முதல் பெப்ரவரி வரை போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போவதானால் டிசம்பர் பாடசாலை விடுமுறை சரியாக இருக்கும். ஏப்ரல் விடுமுறை வேண்டாம். அங்கே வெயில் உச்சத்தில் இருக்கும், 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு வேறு. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். இளைஞர்களுக்கு அது கொண்டாட்டம், முழங்கால் வலிக்காரர்களுக்கு இல்லை.

விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் எடுப்பதற்கு முன் கொழும்பிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், காசு கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். இரவு விமானம் என்றால் ஹட்டனிலிருந்து காலையிலேயே இறங்கிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பாதையை நம்பி மாலையில் கிளம்பக் கூடாது. கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மணி நேரப் பறப்பு. அங்கே இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்து பயாத்தாய் வரை ரயில் இருக்கிறது. ஆளுக்கு 45 பாட். பெட்டியும் பெரியவர்களும் இருந்தால் தரைத்தளத்தில் வரிசையில் நிற்கும் மீட்டர் டாக்சியே மேல். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச்சாலைக் காசு தனி. இவை நியாயமானவை, கொடுத்துவிடலாம். மீட்டர் போட மறுப்பவரோடு வாதாடாமல் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

அறையை சபான் தாக்சின் நிலையத்தைச் சுற்றி எடுங்கள் என்பேன். மேலே வானரயில், கீழே சாத்தோன் படகுத்துறை. பாங்கொக்கின் வாகன நெரிசலில் மாட்டாமல் பெரும்பாலான இடங்களுக்குப் போக இந்த இரண்டுமே போதும். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினால் சில பாட் காசுக்கு, ஆற்றுக்காற்று வாங்கிக்கொண்டே தா சாங் துறையில் இறங்கலாம். அங்கிருந்து பெரிய அரண்மனை நடக்கும் தூரம். 1782இல் முதலாம் ராமா மன்னர் கட்டத் தொடங்கியது. காலை 8.30க்குத் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். ஆண்களுக்கு முழுக்காற்சட்டை வேண்டும். சேலை கட்டுகிறவர்கள் கை வைத்த ரவிக்கை போட வேண்டும், தோளை முந்தானையால் மூடினால் போதாது. போகும் வழியில் ஒருவர் அன்பாக வந்து, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, என் ஓட்டோவில் வேறு கோயில் காட்டுகிறேன்” என்பார். அது நகைக்கடைக்கு இழுத்துப்போகும் வழி. நேரே வாசலுக்கு நடங்கள்.

பக்கத்தில் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்தில் சாய்ந்திருக்கும் புத்தர். செருப்பைக் கழற்றுவது, சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காமல் இருப்பது, பிக்குவைப் பெண்கள் தொடாமல் இருப்பது எல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரியாமல் எப்படிப் போகும்? 1753இல் சியாமிலிருந்து, அதாவது அன்றைய தாய்லாந்திலிருந்து, உபாலி தேரர் கண்டிக்கு வந்து, உபசம்பதா என்ற பிக்குகளின் உயர் துறவுச் சடங்கை மீட்டுக் கொடுத்ததால்தான் மல்வத்தை, அஸ்கிரி என்ற கண்டிப் பௌத்த பீடங்கள் இன்றும் சியாம் நிகாய என்ற பிரிவாக இருக்கின்றன.

பதினொன்றரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடுங்கள். மூன்றரை வரை படுக்கை, இளநீர், குளிரூட்டி. இந்த இடைவேளையை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாலையில் சீலோம் வீதி மாரியம்மன் கோயில். டாக்சிக்காரரிடம் “வாட் கேக்” என்றால் புரியும். 1879இல் தமிழர்கள் எழுப்பியது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. தாய்லாந்துப் பெண்கள் செவ்வந்தி மாலையோடு நம் அம்மனை வரிசையில் நின்று கும்பிடுவதைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் தோட்டத்துக் காவல் தெய்வமும் மாரியம்மன்தானே. விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலம் சீலோம் வீதியில் வரும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுற்றுலாக்காரர் பலர் தவறவிடும் தேவஸ்தானம். பெரிய ஊஞ்சல் என்ற உயரமான சிவப்புத் தூண்களுக்குப் பக்கத்தில், 1784இல் கட்டிய சின்ன வெள்ளைக் கட்டடம். அரசவைப் பிராமணர்களின் கோயில். ஆண்டுதோறும் நடக்கும் திரியம்பாவை விழாவின் பெயரே நம் திருவெம்பாவையிலிருந்து போனது. திருப்பாவையும் அதில் உண்டு. ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935இல் நின்றுபோனாலும் வழிபாடு தொடர்கிறது. மார்கழிப் பனியில் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் பஜனை பாடிப்போன பிள்ளைகள் வளர்ந்து இந்த வாசலில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அவசரப்படாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு: மரக்கறி என்று கேட்டாலும் மீன்சாறு ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடையில் “ஜே” என்று கேளுங்கள். இறைச்சி, மீன், முட்டை எதுவும் சேராது, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. உறைப்புக் குறைத்துத் தந்தால் நமக்குச் சப்பென்றிருக்கும், மேசையிலிருக்கும் மிளகாய்த்தூளைப் போட்டுக்கொள்ளலாம்.

பொருள் வாங்க சனி, ஞாயிறில் சதுசாக் சந்தை. கூரைக்கடியில் புழுக்கம் அதிகம், கடை திறந்தவுடன் போய் வெயில் ஏறுமுன் வெளியே வாருங்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ தேசிய கீதம் ஒலித்தால் எல்லாரும் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். மன்னர் குடும்பத்தைப் பற்றி விளையாட்டுக்கும் எதுவும் பேசாதீர்கள், அங்கே அது சிறைக்குப் போகும் குற்றம்.