டிக்கெட் குளோஸ் பண்ணுவதைத் தாண்டி: டெக் வேலையில் அர்த்தமும் தலைமையும் தேடுவது எப்படி

சில வருஷம் கோட் எழுதியபிறகு பலருக்கும் ஒரு சலிப்பு வருகிறது. சம்பளம் ஏறுகிறது, டிக்கெட்டுகள் (நமக்கு ஒதுக்கப்படும் சின்னச் சின்ன வேலைகள்) குளோஸ் ஆகின்றன, ஆனால் இதெல்லாம் யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. உடனே ரெஸ்யூமேவைத் தூசி தட்ட வேண்டாம். இருக்கும் இடத்திலேயே செய்து பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில், எது சலிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். 1970களில் ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வேலையில் மனசு ஒட்டுவதற்கு என்னென்ன வேண்டும் என்று பிரித்துக் காட்டினார்கள்: பலவிதத் திறமைகளுக்கு இடம், ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை செய்யும் வாய்ப்பு, அது இன்னொருவர் வாழ்க்கையைத் தொடுவது, நாமே முடிவெடுக்கும் சுதந்திரம், செய்தது நன்றாக வந்ததா என்று தெரியவருவது. இரண்டு வாரம், தினமும் வேலை முடிந்ததும் இந்த ஐந்தில் இன்று எது இருந்தது, எது இல்லை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நம் துறையில் அதிகம் அடிபடுவது கடைசி ஒன்று என்பது என் எண்ணம். ரிலீஸ் போன மறுநாளே அடுத்த ஸ்பிரிண்ட், அதாவது சில வார வேலைச் சுற்று, தொடங்கிவிடும், நாம் எழுதியதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க நேரமே இருக்காது.

அப்படியானால் நீங்களே போய்ப் பாருங்கள். சப்போர்ட் டீமிடம் கேட்டு, பயனர்கள் எழுதும் புகார்களை வாரம் ஒரு மணி நேரம் படியுங்கள். முடிந்தால் ஒரு வாடிக்கையாளர் அழைப்பில் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு ஃபார்மில் தேதி எந்த வடிவத்தில் கேட்கப்படுகிறது என்று புரியாமல் ஒருவர் மூன்றுமுறை திரும்பத் திரும்ப நிரப்பியதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அந்தச் சின்ன பக் உங்களுக்கு வெறும் எண்ணாகத் தெரியாது.

இனி தலைமைக்கு வருவோம். பதவி கிடைத்தபிறகு வழிநடத்தலாம் என்று காத்திருப்பவர்கள் அதிகம், ஆனால் நடப்பது பெரும்பாலும் தலைகீழாகத்தான். 1969 ஏப்ரலில், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டுக்கான முதல் குறிப்பை எழுதிய ஸ்டீவ் க்ராக்கர் அப்போது ஒரு மாணவர்தான். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை, அதனால்தான் அதைக் கட்டளையாக எழுதாமல், கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்கும் குறிப்பாக எழுதினார். ஆர்எஃப்சி (Request for Comments, கருத்துக் கேட்கும் குறிப்பு) என்ற அந்த வரிசை இன்றுவரை தொடர்கிறது, இணையத்தின் அடிப்படை விதிகள் அதில்தான் பதிவாகின்றன.

நீங்களும் செய்யலாம். உங்கள் டீமில் எல்லோரும் குறைப்பட்டுக்கொள்கிற, ஆனால் யார் பெயரிலும் இல்லாத ஒரு பிரச்சினை கட்டாயம் இருக்கும்: காரணமே இல்லாமல் ஃபெயில் ஆகும் டெஸ்ட்டுகள், நடுராத்திரி எழுப்பிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடியும் அலர்ட்டுகள், புதிதாகச் சேருபவர் செட்டப் செய்யவே நாள்கணக்கில் திணறுவது. ஒன்றே ஒன்றை எடுங்கள். அதனால் யாருக்கு எவ்வளவு நேரம் வீணாகிறது, என்னென்ன வழிகள் உண்டு, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், அதில் என்ன ஆபத்து என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். கூட்டத்தில் வைப்பதற்கு முன்னால், எதிர்க்கக்கூடியவர் யாரோ அவரிடம் தனியாகக் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும் குறை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், அதைச் சேர்த்துத் திருத்தினால் திட்டமும் உறுதியாகும், அவரும் கூட வருவார். அப்புறம் முக்கியமான ஒன்று, அதைக் கடைசிவரை கொண்டுபோய் முடியுங்கள். யோசனை சொல்பவர்கள் எல்லா டீமிலும் உண்டு, முடித்துக்கொடுப்பவரைத்தான் அடுத்த பெரிய வேலைக்குத் தேடுவார்கள்.

அடுத்த படி கொஞ்சம் கஷ்டமானது, சுவாரசியமான வேலையை மற்றவருக்குக் கொடுப்பது. நீங்கள் ஒரே நாளில் முடித்துவிடக்கூடியதை ஜூனியர் ஒருவர் நாலு நாள் எடுத்துச் செய்யட்டும், அவர் எழுதியதைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் நீங்கள் கூட இருங்கள். இதைச் செய்யும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்று கவனியுங்கள், ஏனென்றால் மேனேஜர் வேலையில் பெரும்பகுதி இதுதான். 2008இல் கூகுள் தன் மேனேஜர்களை ஆராயத் தொடங்கியபோது கிடைத்த எட்டுக் குணங்களில் முதலில் நின்றது நல்ல பயிற்சியாளராக இருப்பது, தொழில்நுட்பத் திறமை எட்டாவதாகத்தான் வந்தது. ஆள் மேலாண்மை பிடிக்கவில்லை என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. ஸ்டாஃப் எஞ்சினியர், பிரின்சிபல் எஞ்சினியர் என்று தொழில்நுட்ப வழியிலேயே மேலே போகும் பாதை பல நிறுவனங்களில் உண்டு.

மேனேஜரிடம் பேசும்போது "எனக்கு வளர்ச்சி வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "அடுத்த நிலைக்கு என்னிடம் எது குறைகிறது, அதைக் காட்ட எந்த வேலையை எனக்குக் கொடுக்க முடியும்?" என்று கேட்டு, பேசியதை அன்றே எழுதி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்தும் பதில் மாறிக்கொண்டே இருந்தால், சரி, இப்போது வெளியே தேடலாம்.

இன்டர்வியூவில் நீங்களும் கேள்வி கேளுங்கள். கடைசியாக சிஸ்டம் விழுந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டால், யார் தப்பு என்று சொல்கிறார்களா, என்ன மாற்றினோம் என்று சொல்கிறார்களா என்பதிலேயே அந்த டீமின் சூழல் தெரிந்துவிடும். இங்கே கடைசியாகப் பொறுப்பில் உயர்ந்தவர் அதற்கு முன்னால் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதையும் கேளுங்கள். மேனேஜர் ஒன்று சொல்லி, டீமில் இருப்பவர் வேறொன்று சொன்னால், டீமில் இருப்பவர் சொல்வதையே நம்புங்கள்.