கம்பஸ் ஆலோசகரிடம் எப்போது போவது, என்ன கேட்பது

பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி என்று ஓடி, ரியூஷன் சேர் தந்த நோட்ஸை மனப்பாடம் செய்து ஏஎல் (உயர்தரப் பரீட்சை) தாண்டி வந்தவர்களுக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் முதல் செமிஸ்டரிலேயே ஒரு திகைப்பு வரும். இனி எதை, எவ்வளவு படிப்பது என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்லப் போவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மாணவர் ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் இருக்கிறார். ஆனால் பலர் அவருடைய அறைக் கதவைத் தட்டுவது பாடம் விழுந்து பெறுபேறு வந்த பிறகுதான், அப்போது அவரால் செய்யக்கூடியது குறைவு.

முதல் மாதத்திலேயே போங்கள். "சேர், சும்மா பார்க்க வந்தனான்" என்று நின்றால் அவரும் சும்மா தலையாட்டி அனுப்பிவிடுவார், ஆகவே நேர அட்டவணையையும் கஷ்டமான பாடங்களின் பட்டியலையும் கையில் கொண்டு போங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரை விளங்கவில்லையா? அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், தமிழில் படித்து வந்த பலருக்கும் அதுதான் பிரச்சினை.

ஜிபிஏ (பாடங்களின் கிரெடிட் அளவுக்கு ஏற்பப் போடும் சராசரிப் புள்ளி) கணக்கை அவரோடு இருந்து ஒருதரம் போட்டுப் பாருங்கள். மூன்று கிரெடிட் பாடத்தில் சி (2.0), ஒரு கிரெடிட் பாடத்தில் ஏ (4.0) எடுத்தால் சராசரி 3.0 அல்ல, 2.5 தான். எந்தப் பாடத்தில் நேரத்தைக் கொட்ட வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். சிறப்புக் கற்கைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதை முதல் வருடத்திலேயே பேசிவிடுங்கள், கடைசி நேரத்தில் அல்ல.

விரிவுரை வரவு 80 வீதத்துக்குக் கீழே போகும்போதும், மகாபொல உதவித்தொகை வராமல் கைச்செலவுக்கே திண்டாடும்போதும், வீட்டில் யாருக்காவது சுகமில்லாதபோதும் தள்ளிப் போடாதீர்கள். மருத்துவச் சான்றிதழுக்கெல்லாம் கெடு உண்டு. பகிடிவதை என்றால் அது வேறு விஷயம், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், ஆலோசகரிடம் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் முறையிடுங்கள்.

புள்ளியைக் கூட்டித் தரச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள், அது அவர் கையில் இல்லை, கேட்டால் மரியாதையும் போய்விடும். வேலைக்கோ மேற்படிப்புக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்கலாம், ஆனால் உங்கள் முகமே தெரியாதவர் என்னத்தை எழுதுவார்?

சிலருடன் ஒத்துவராது, அதுவும் நடக்கும். சண்டை பிடிக்காமல் துறைத் தலைவரிடம் வேறொருவரைக் கேளுங்கள்.