வீட்டுக் கணினியில் ராம் டிஸ்க்: எப்போது பயன்படும், எப்படி அமைப்பது

கணினி மெதுவாக இயங்குகிறது என்று யாராவது சொன்னால், ராம் டிஸ்க் அமைத்துப் பாருங்கள் என்ற யோசனை இன்றும் வந்து விழுகிறது. கணினியின் நினைவகத்தின் (ராம்) ஒரு பகுதியைப் பிரித்து, அதை ஒரு டிரைவ் போல இயங்குதளத்துக்குக் காட்டுவதே ராம் டிஸ்க். எம்எஸ்-டாஸ் காலத்திலேயே இதற்கென ராம்டிரைவ் என்ற இயக்கி இருந்தது. ஃப்ளாப்பியிலிருந்து ஒவ்வொரு கோப்பையும் காத்திருந்து படிக்க வேண்டிய அந்த நாட்களில் அது பெரிய வரமாக இருந்தது. இன்றைய வீட்டுக் கணினியில் நிலைமை வேறு. அன்றாட வேலைகளுக்கு ராம் டிஸ்க்கால் உணரத்தக்க வேகம் கிடைப்பதில்லை. ஒரு சில வேலைகளுக்கு மட்டும் அது உண்மையாகவே உதவுகிறது. உங்கள் வேலை இவற்றில் எந்த வகை என்பதை முதலில் கண்டறிந்துவிட்டு, பிறகு அமைப்பதைப் பற்றி யோசிப்பதே சரியான வரிசை.

இந்த யோசனை ஏன் கவர்ச்சியாக இருக்கிறது என்பது எண்களைப் பார்த்தால் புரியும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு அரைச்சுற்று சுற்றுவதற்கே 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. படிக்கும் முனை நகரும் நேரம் அதற்கு மேல். தொடர்ச்சியாகப் படிக்கும்போது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் சாட்டா வகை விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி தரும்; என்விஎம்இ வகை 3,500 எம்பியையும் தாண்டும். டிடிஆர்4-3200 நினைவகத்தின் ஒரு சேனலோ, கணக்கின்படி, விநாடிக்கு 25.6 ஜிபி கொடுக்கக்கூடியது. ஆனால் ஒரு மென்பொருள் திறக்க ஆகும் நேரம் முழுவதும் கோப்பைப் படிப்பதில் கழிவதில்லை. படித்ததை விரித்து, சரிபார்த்து, கணக்கிட்டு, திரையில் வரைவதில்தான் பெரும்பகுதி செலவாகிறது. அதைச் செய்வது பிராசஸர். கோப்பு எங்கே இருந்தாலும் அந்த வேலை குறையப் போவதில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காலியாகக் கிடக்கும் நினைவகத்தை விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றுமே சும்மா விடுவதில்லை. அண்மையில் படித்த கோப்புகளின் நகலை அதில் வைத்துக்கொள்கின்றன. இதைத்தான் கேஷ் என்கிறோம். கணினியை இயக்கியவுடன் லிப்ரே ஆபீஸைத் திறந்து, எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதை மூடிவிட்டு மறுபடியும் திறந்தால் வெகு விரைவில் திறக்கும், ஏனெனில் இரண்டாம் முறை அதன் கோப்புகள் பெரும்பாலும் டிஸ்க்கிலிருந்து அல்லாமல் நினைவகத்திலிருந்தே வந்தன. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுத்தால், கேச்ட் என்ற தலைப்பின் கீழ் அந்த நகல்களுக்குச் செலவாகியிருக்கும் அளவு தெரியும். லினக்ஸில் ஃப்ரீ என்ற கட்டளை அதையே காட்டும். மென்பொருளுக்கு இடம் தேவைப்படும் கணத்தில் இயங்குதளம் இந்த நகல்களை விட்டுக்கொடுத்துவிடும். நீங்கள் 4 ஜிபியை ராம் டிஸ்க்குக்கென ஒதுக்கிவிட்டால், அந்த இடம் இயங்குதளத்தின் கையை விட்டுப் போகிறது. எந்தக் கோப்பு அடுத்துத் தேவைப்படும் என்பதை உங்களைவிட அதுவே பெரும்பாலும் சரியாகக் கணிக்கிறது என்பதால், இது நட்டமான மாற்றாகவே முடியும்.

ஆகவே முதல் வேலை, கணினி எங்கே திணறுகிறது என்று பார்ப்பது. வழக்கமாக மெதுவாகும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருங்கள். கணினியில் ஹார்ட் டிஸ்க் இருந்து, டிஸ்க் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நின்றால், தீர்வு எஸ்எஸ்டிக்கு மாறுவது. ராம் டிஸ்க்கைக் கணினி இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதே மெதுவான ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் நிரப்பியாக வேண்டும். விநாடிக்கு 150 எம்பி தரும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 20 ஜிபி விளையாட்டு ஒன்றை ராம் டிஸ்க்குக்கு நகலெடுக்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் பெரிய கோப்புகளாக இருந்தால். விளையாட்டின் உள்ளே மிச்சமாகும் நேரம் அதை ஈடுகட்டுவது அரிது.

நினைவகப் பயன்பாடு 90 விழுக்காட்டைத் தொட்டு நின்றால், ராம் டிஸ்க்கை நினைத்தும் பார்க்க வேண்டாம். கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்துவதே வழி. பேஜ் ஃபைலை ராம் டிஸ்க்கில் வைக்கச் சொல்லும் அறிவுரையை இந்த இடத்தில் அழுத்தமாக மறுக்க வேண்டியிருக்கிறது. நினைவகம் போதாமல் வெளியே தள்ளப்படும் பக்கங்களுக்காக, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளுக்காக, டிஸ்க்கில் இருப்பது பேஜ் ஃபைல். அதற்கு இடம் கொடுக்க நினைவகத்திலிருந்தே ஒரு பகுதியை வெட்டினால், பற்றாக்குறை கூடி, முன்பு தள்ள வேண்டியிராத பக்கங்களும் தள்ளப்படும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைத் தானாகப் பயன்படுத்த முடியாமல் இருந்த காலத்தில், எட்டாத அந்தப் பகுதியை எடுத்துக் கொடுத்த ராம் டிஸ்க் மென்பொருள்கள் சில இருந்தன. இந்த அறிவுரைக்கு அப்போது பொருள் இருந்தது. 64 பிட் கணினியில் இல்லை. பக்கங்களைச் சுருக்கி நினைவகத்துக்குள்ளேயே வைக்கும் லினக்ஸின் இசட்ராம் வேறு வகை. சுருக்குவதால் அங்கே இடம் உண்மையாகவே மிச்சமாகிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2020இல் வெளியான 33ஆம் பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே பயன்படுத்துகிறது.

எஸ்எஸ்டியின் ஆயுளைக் காப்பதற்காக ராம் டிஸ்க் அமைப்பவர்களும் உண்டு. 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி (3,00,000 ஜிபி) எழுதும் வரை உத்தரவாதம் தருவது சாதாரணமாகக் காணப்படும் அளவு. நாளொன்றுக்கு 30 ஜிபி எழுதினாலும் அது தீர 10,000 நாட்கள், அதாவது ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆகும். வீட்டுப் பயன்பாட்டில் இந்தக் கவலைக்கு இடமில்லை.

எங்கே பயன்படும்?

தொலைந்தாலும் பாதகமில்லாத, ஏராளமான சிறு கோப்புகளை உருவாக்கி அழிக்கும் வேலைகள்தான் ராம் டிஸ்க்குக்கு உரியவை. பெரிய ஜிப் கோப்பை விரித்து, ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அழிப்பது ஓர் எடுத்துக்காட்டு. நிரல் எழுதிப் பழகுபவர்களுக்குக் கிடைக்கும் பயன் இன்னும் தெளிவானது. தரவுத்தளங்கள் ஒவ்வொரு பதிவையும் முடிக்கும்போது, எழுதியது டிஸ்க்கில் உறுதியாகச் சேர்ந்துவிட்டது என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். படிப்பதை மட்டும் வேகப்படுத்தும் கேஷ் இந்தக் காத்திருப்பைக் குறைப்பதில்லை. ராம் டிஸ்க்கிலோ காத்திருக்க எதுவுமே இல்லை. ஆயிரக்கணக்கான சிறு பதிவுகளை எழுதி அழிக்கும் சோதனைகளை ஒரு தற்காலிகத் தரவுத்தளத்தில் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு கடிகாரம் இல்லாமலே தெரியும். ஆனால் உண்மையான தரவுகள் உள்ள தரவுத்தளத்தை ஒருபோதும் அங்கே வைக்கக் கூடாது.

பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்கே பழுதாகிவிட்டால், பப்பி லினக்ஸ் போன்ற சிறிய இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கலாம். அது தன்னையே நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்குவதால், பென் டிரைவின் மெதுவான வேகம் தொடக்கத்தில் மட்டுமே தெரியும்.

அமைக்கும் முறை

லினக்ஸில் புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை. டெவ் என்ற கோப்புறைக்குள் இருக்கும் எஸ்எச்எம் என்ற கோப்புறை ஏற்கெனவே நினைவகத்தில்தான் இருக்கிறது. அதன் உச்ச அளவு வழக்கமாக மொத்த நினைவகத்தில் பாதி. முதல் சோதனையை அங்கேயே செய்யலாம். தனியாக வேண்டுமென்றால் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, மவுண்ட் கட்டளையில் வகையை டிஎம்பிஎஃப்எஸ் என்றும் அளவை 2 ஜிபி என்றும் குறிப்பிட்டு இணைக்க வேண்டும். டிஎம்பிஎஃப்எஸ், கோப்புகள் உண்மையில் பிடிக்கும் இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அழித்ததும் அது நினைவகத்துக்குத் திரும்பிவிடும். ராம்எஃப்எஸ் என்ற மற்றொரு வகைக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லாததால், அது நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு, புதிதாக நிறுவியதென்றால், தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறையே இப்படித்தான் அமைந்திருக்கும்.

விண்டோஸின் வீட்டுப் பதிப்புகளில் இதற்கான வசதி உள்ளேயே வருவதில்லை. பாஸ்மார்க் நிறுவனத்தின் ஓஎஸ்எஃப்மவுண்ட் போன்ற ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். இவை இயங்குதளத்தின் ஆழத்தில் இயக்கியாக அமர்பவை என்பதால், உருவாக்கியவரின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள். வெற்று ராம் டிரைவ் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, அளவையும் டிரைவ் எழுத்தையும் கொடுத்தால் போதும். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் 2 ஜிபியில் தொடங்குங்கள். 8 ஜிபி உள்ள கணினியில் 1 ஜிபிக்கு மேல் வேண்டாம். மேக்கில் டெர்மினல் வழியாக ஹெச்டிஐயூட்டில் கட்டளையால் உருவாக்கி, டிஸ்க்யூட்டில் கட்டளையால் வடிவமைக்க வேண்டும். அங்கே அளவை 512 பைட் துண்டுகளின் எண்ணிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 2 ஜிபிக்கு அது 41,94,304.

விண்டோஸ் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் டெம்ப் கோப்புறையை ராம் டிஸ்க்குக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்கவில்லை. சில மென்பொருள்கள் நிறுவலின் நடுவில் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு, டெம்ப்பில் வைத்த கோப்புகளைத் தேடி மீதி வேலையைத் தொடரும். அவை அங்கே இல்லாவிட்டால் நிறுவல் பாதியில் நின்றுவிடும். டிஸ்க் சிறியதாக இருந்தால் இடமில்லை என்று தொடக்கத்திலேயே மறுக்கும்.

மின்சாரம் ஒரு கணம் போனாலும் ராம் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் போய்விடும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையையோ திருத்திக்கொண்டிருக்கும் படங்களையோ அங்கே வைப்பது பேராபத்து. மறுபுறம், அணைத்ததும் அழிந்துவிடும் என்று நம்பி இரகசிய ஆவணங்களை அங்கே வைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். டிஎம்பிஎஃப்எஸ்ஸில் உள்ளவை நினைவகம் நெருக்கப்படும்போது ஸ்வாப் (லினக்ஸில் பேஜ் ஃபைலின் வேலையைச் செய்யும் இடம்) வழியாக டிஸ்க்குக்குப் போகலாம். ஹைபர்னேட் செய்தால் நினைவகத்தில் இருப்பது டிஸ்க்கில் எழுதப்படும்.

அமைத்த பிறகு அளந்து பாருங்கள். வேகம் காட்டும் சோதனை மென்பொருள்களின் எண்களை நம்ப வேண்டாம். அவை ராம் டிஸ்க்கில் எப்போதும் வியப்பூட்டும். நீங்கள் செய்யும் உண்மையான வேலையை எடுத்துக்கொண்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, எஸ்எஸ்டியில் அடுத்தடுத்து இருமுறை செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் மறுதொடக்கம் செய்து, அதே வேலையை ராம் டிஸ்க்கில் செய்யுங்கள். கோப்புகளை உள்ளே நகலெடுத்த நேரத்தையும், முடிவை வெளியே எடுத்து வைத்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் இரண்டாம் முறை ஆன நேரத்தோடுதான் இதை ஒப்பிட வேண்டும், ஏனெனில் அந்த முறை இயங்குதளத்தின் கேஷும் வேலை செய்திருக்கும். வேறுபாடு தெரியவில்லை என்றால், ராம் டிஸ்க்கை நீக்கி அந்த 2 ஜிபியை இயங்குதளத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.